ஒரு நாள் படகா, ஒரு வாரக் கப்பலா?

மதுரையிலிருந்து மைத்துனர் போன மாதம் அழைத்தார். மகள் அவருக்கு மூன்று விளம்பரங்களை அனுப்பியிருந்தாள். மூன்றும் வட நார்வேயில் திமிங்கலம் பார்க்கும் பயணங்கள். முதலாவது ஒரே நாள், ஆளுக்கு ஏறத்தாழ 18 ஆயிரம் ரூபாய். இரண்டாவது ஒரு சிற்றூரில் மூன்று நாள் தங்கி, தினமும் படகேறுவது. மூன்றாவது சிறு கப்பலிலேயே ஆறு இரவு தங்கிச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருவது. அதற்கு நான்கு லட்சம். “மாப்பிள்ளை, மூன்றிலும் அதே திமிங்கலந்தானே? எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்?” என்றார்.

அந்தக் கடலுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நாள் படகில், இரண்டாம் முறை பன்னிரண்டு பேர் செல்லும் கப்பலில். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். விலைகளெல்லாம் நான் விசாரித்தபோது இருந்தவை. ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. ஹெர்ரிங் என்பது நம் மத்திக்கு உறவுமுறை சொல்லத்தக்க மீன். கோடை முழுவதும் நார்வேக்கு மேற்கே திறந்த கடலில் தின்று கொழுத்துவிட்டு, குளிர்காலம் தொடங்கும்போது பெருங்கூட்டமாகக் கரையை நோக்கி வருகிறது. ஃபியோர்டு எனப்படும், பனியாறு குடைந்த ஆழமான கடல்வாய்களுக்குள் புகுந்து, ஏறக்குறைய எதுவும் தின்னாமல் பொழுதைக் கழிக்கிறது. ஜனவரி கடைசியில் முட்டையிடத் தெற்கே கிளம்பிவிடும். இந்த இரண்டரை மாதப் பந்திக்குத்தான் கொலைத் திமிங்கலம் எனப்படும் கருப்பு வெள்ளை ஓர்க்காக்களும், பெரிய ஹம்ப்பேக் திமிங்கலங்களும் வருகின்றன. ஹம்ப்பேக்குகளில் பல, கோடையை இன்னும் வடக்கேயுள்ள பேரண்ட்ஸ் கடலில் கழித்துவிட்டுக் குட்டி போடவும் இணை தேடவும் கரீபியக் கடல் வரை போகிறவை. வழியில் இங்கே கட்டுச்சோறு கட்டிக்கொள்கின்றன.

சிக்கல் என்னவென்றால், ஹெர்ரிங் எந்தக் கடல்வாயில் தங்கும் என்பது நிலையானதல்ல. 1960களின் கடைசியில் அளவுமீறிப் பிடித்ததால் இந்த மீன்வளமே கிட்டத்தட்ட அழிந்துபோனது. மீண்டு வந்தபின், 1980களின் இறுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை டீஸ்ஃபியோர்டு பகுதியில் குளிர்காலத்தைக் கழித்தது. ஓர்க்கா பார்க்க உலகமே அங்கே போயிற்று. பிறகு மீன் திறந்த கடலிலேயே தங்கிவிட, அந்த ஊர்களின் ஓர்க்கா சுற்றுலா படுத்துவிட்டது. 2010களில் சென்யா தீவை ஒட்டியும், டிரோம்சோ நகருக்குப் பக்கத்திலிருக்கும் கால்ட்ஃபியோர்டிலும் மீன் வந்தது. அந்த ஆண்டுகளில் நகரிலிருந்து காரில் போய், சாலையோரம் நின்றே திமிங்கலம் பார்த்திருக்கிறார்கள். 2017 வாக்கில் மீன் மறுபடி இடம் மாறி, இன்னும் வடக்கே க்வேனாங்கன் என்ற பெரிய கடல்வாய்க்குப் போயிற்று. அதன் முகப்பிலுள்ள தீவு ஊர்தான் ஷெர்வோய். வரைபடத்தில் பெயர் ‘ஸ்க்’ என்று தொடங்குவது போலத் தெரியும். ஊர்க்காரர்கள் சொல்வது ‘ஷெர்வோய்’தான்.

ஆகவே, ‘டிரோம்சோ திமிங்கலப் பயணம்’ என்று இன்று விற்கப்படுவது உண்மையில் டிரோம்சோவில் ஏறி ஷெர்வோய்க்குப் போய்த் திரும்பும் பயணம். விளம்பரத்தில் இது இருக்கும், ஆனால் சிறிய எழுத்தில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

அடுத்தது வெளிச்சம். டிரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். ஷெர்வோயில் இந்த இருட்டு இன்னும் சில நாள் கூடுதல். கும்மிருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பரின் நடுவிலும் நண்பகலை ஒட்டி மூன்று மணி நேரம் அந்திக்கருக்கலைப் போல ஒரு நீல வெளிச்சம் இருக்கும், வானம் தெளிந்திருந்தால் தெற்கே ரோஜா நிறமும் சேரும். கண்ணுக்கு அது போதும், அழகாகவே இருக்கும். கேமராவுக்குப் போதாது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஐந்து மணி நேரத்தை ஒட்டிய பகல் உண்டு. அக்டோபர் கடைசியிலேயே போனால் வெளிச்சம் தாராளம், மீன் வந்து சேர்ந்திருக்குமா என்பதுதான் கேள்வி. என் கணக்கில் நவம்பர் 10 முதல் 25 வரை நல்ல காலம். எந்தப் படகு என்பதைவிட எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று மைத்துனரிடம் சொன்னேன். அவர் பொங்கல் விடுமுறையை மனத்தில் வைத்திருந்தார். அதைக் கைவிடச் சொல்லிவிட்டேன்.

இனி படகுகளுக்கு வருவோம்.

டிரோம்சோ நாள் படகு ஒரு நல்ல பஸ்ஸைப் போன்றது. கதகதப்பான உள்ளறை, பெரிய சன்னல்கள், காபி, சூப், கழிப்பறை. இப்போது மின்கலத்திலும் ஓடும் கலப்பின இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போகும்போது டீசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் மிதக்கும். காலை எட்டு மணிக்கு இருட்டில் கிளம்பி மாலை இருட்டில் திரும்புவோம். இடையில் திமிங்கலங்களோடு இருந்தது இரண்டு மணி நேரம். நூறு பேருக்கு மேல் இருந்த படகில் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடுவதும், கை தூக்கிய தொலைபேசிகளுக்கு நடுவே ஓர்க்கா முதுகு தெரிந்து மறைவதும் கோயில் திருவிழாவில் தேர் பார்ப்பது போல இருந்தது. பார்த்தேன், குறையில்லை. ஆண் ஓர்க்காவின் முதுகுத் துடுப்பு ஓர் ஆள் உயரம், 1.8 மீட்டர் வரை வளரும். இருண்ட தண்ணீரிலிருந்து அது நேராக எழும்புவதை முதல்முறை பார்க்கும்போது தூரம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இந்தப் படகின் உண்மையான ஆபத்து கூட்டமல்ல, காற்று. நான் பதிவு செய்திருந்த நாளில் பயணம் ரத்தானது. பணத்தைத் திருப்பித் தருகிறோம் அல்லது இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். எனக்கு நாள் இருந்தது. அதே வரிசையில் நின்ற ஒரு குடும்பத்துக்கு மறுநாள் விமானம். பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ ஆஸ்லோ, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் டிரோம்சோ என்று இவ்வளவு தூரம் போய்விட்டு, ஒரே ஒரு நாளை நம்பியிருப்பது வீண் துணிச்சல். 18 ஆயிரம் ரூபாய் என்று மலிவாகத் தெரியும் இந்தப் பயணத்தோடு இரண்டு உபரி நாள்களின் ஓட்டல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஷெர்வோயிலேயே தங்குவது. இதை நான் முழுமையாகச் செய்ததில்லை. கப்பல் பயணம் முடிந்தபின் ஒரு நாள் தங்கி, ரப்பர் பக்கங்கள் கொண்ட வேகப் படகில் ஒரு முறை போனேன். ஆறு மணி நேரப் பயணம் இதில் மிச்சம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் மீன் இருக்கும் இடத்தில் இருப்பீர்கள். பஞ்சு வைத்துத் தைத்ததுபோன்ற மிதவை உடை அவர்களே தருவார்கள்; அதை மாட்டிக்கொண்டு நடந்தால் நிலாவில் இறங்கியவர்களைப் போலத் தெரிவோம். படகு நீர்மட்டத்தோடு ஒட்டியிருப்பதால் ஹம்ப்பேக் மூச்சு விட்டால் அந்தத் தூவானம் நம் மேல் விழும். அதன் வாசனை, சொல்லிவிடுகிறேன், ஈரமான கருவாட்டுக் கூடையை மூடி வைத்துத் திறந்தது போல இருக்கும்.

ஆனால் முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கு இந்தப் படகு ஆகாது. அலையில் அது தூக்கித் தூக்கிப் போடும். கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குக் கழிப்பறை கிடையாது, அதுவும் ஆறடுக்கு உடையோடு. கொஞ்சம் வயதானவர்கள் அதே ஊரிலிருந்து கிளம்பும் உள்ளறையுள்ள படகைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஷெர்வோய்க்குப் போவது எளிது. 1893ஆம் ஆண்டிலிருந்து ஓடும் நார்வேயின் கரையோரக் கப்பல் மாலையில் டிரோம்சோவில் கிளம்பி இரவில் ஷெர்வோயில் நிற்கும். இல்லாவிட்டால் லிங்கென் மலைகளைச் சுற்றிக்கொண்டு சாலை வழியே நான்கு மணி நேரம். (அந்தக் கரையோரக் கப்பலே ஊர் ஊராக நின்று போகும் நீண்ட பயணம்; ‘அதில் போனாலே திமிங்கலம் தெரியுமே’ என்று சிலர் நினைக்கிறார்கள். அது அஞ்சல் கப்பலாகத் தொடங்கி இன்றும் கால அட்டவணைக்கு ஓடுவது. திமிங்கலத்துக்காக நிற்காது.) ஊரில் ஒரு பல்பொருள் அங்காடி, ஓட்டல், மீன் பதனிடும் ஆலை, பிறகு இருட்டு. படகு இறங்கியபின் மாலை முழுவதையும் கழிக்க நல்ல புத்தகம் வேண்டும்.

அந்த இருட்டைப் பற்றி அங்கலாய்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். இதற்கும் வடகிழக்கே பின்மார்க் கரையின் மீன் ஆலைகளில், 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் எத்தனையோ பேர் முழுக் குளிர்காலங்களையும் நின்று மீன் வெட்டியே கழித்திருக்கிறார்கள். நாம் பணம் கொடுத்து ஒரு வாரம் பார்க்கப் போகும் கடல் அவர்களுக்குப் பிழைப்பு.

இப்போது நான்கு லட்ச ரூபாய்க் கப்பல். பன்னிரண்டு பயணிகள் என்ற எண் அழகுக்காக வைத்ததல்ல. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி அது ‘பயணிகள் கப்பல்’ ஆகிவிடும். கட்டுமானம், உயிர்காப்புக் கருவிகள் என்று விதிகள் பல மடங்கு கடுமையாகும். அதனால் பழைய மீன்பிடிக் கப்பல், மீட்புக் கப்பல், பாய்மரக் கப்பல் ஆகியவற்றைப் புதுப்பித்து இந்தத் தொழிலுக்கு விடுகிறவர்கள் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செலவைப் பன்னிரண்டு பேர்தான் பங்கு போட வேண்டும் என்பதால் விலை அப்படி.

சொகுசை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என் அறையில் இரண்டு அடுக்குப் படுக்கை. கீழே படுத்தவர் எழுந்தால் மேலே இருப்பவர் காலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். நான்கு பேருக்கு ஒரு குளியலறை. இரவெல்லாம் மின்னாக்கியின் உறுமல். ஒரு மாலையில் இரண்டு தீவுகளுக்கு இடையே, திறந்த பெருங்கடல் உள்ளே எட்டிப்பார்க்கும் இடத்தைக் கடந்தபோது என் மனைவி வாளியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். சமையற்காரர் நல்லவர்தான், ஆனால் நடுக்கடலில் அவரிடம் இருப்பதைத்தானே சமைப்பார். நாங்கள் எடுத்துப்போன ஊறுகாய்ப் புட்டி மூன்றாம் நாளே பொதுச்சொத்தாகி, ஐந்தாம் நாள் தீர்ந்தது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்ததைச் சொல்கிறேன். எங்கள் மாலுமித் தலைவர் காலையில் எழுந்ததும் செய்த முதல் வேலை, மீன்பிடிக் கப்பல்களின் வானொலிப் பேச்சைக் கேட்பது. ஹெர்ரிங் வலை இழுபடும் இடத்துக்கு ஓர்க்காக்களும் ஹம்ப்பேக்குகளும் தாமாக வந்துவிடும். வலையிலிருந்து நழுவும் மீன் அவற்றுக்கு உழைக்காத சோறு. வலை வேலை நடக்கும் கப்பலை நெருங்கச் சுற்றுலாப் படகுகளுக்கு அனுமதி இல்லை, ஆகவே தள்ளி நின்றுகொள்வோம். முதல் இரண்டு நாளும் ஷெர்வோய்க்கு அருகே பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரே ஹம்ப்பேக்கைச் சுற்றி நின்றன. மூன்றாம் நாள் காலை தலைவர் ஒன்றும் சொல்லாமல் கப்பலை வேறொரு கிளைக்குள் விட்டார். மாலைக்குள் துறைமுகம் திரும்ப வேண்டிய படகுகளால் அவ்வளவு தூரம் வர முடியாது.

அங்கே இயந்திரத்தை நிறுத்தினார். மலை மேல் பனி, தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. ஓர்க்காக் குடும்பம் ஒன்று மீன் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பந்து போல ஒடுக்கியது. கீழிருந்து வெள்ளை வயிற்றைக் காட்டி மேலே விரட்டுவதும், ஒடுங்கிய பந்தை வாலால் ஓங்கி அறைவதுமாக வேலை நடந்தது. அறை வாங்கி மயங்கிய மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கின்றன. வீட்டில் பெரியவர்கள் பயறு பொறுக்குவது போல நிதானமாக. வால் அறையும் ஓசை கப்பலின் உலோக உடம்பு வழியாகக் கேட்டது. இருபது நிமிடம் இப்படிப் போனபின், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தப் பந்தின் நடுவே ஒரு ஹம்ப்பேக் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து, ஓர்க்காக்கள் அவ்வளவு நேரம் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே வாயில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. திமிங்கிலம் என்ற பழைய சொல்லுக்கே ‘திமி என்னும் பெருமீனை விழுங்குவது’ என்றுதான் பொருள். அந்த வாயைப் பார்த்தபின் சொல்லை உண்டாக்கியவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இது நாள் படகிலும் வாய்க்கலாம். வாய்த்தவர்களை அறிவேன். ஆனால் எங்களுக்கு அது வாய்த்தபோது ‘திரும்ப வேண்டும், நேரமாகிவிட்டது’ என்று சொல்ல யாரும் இல்லை. வெளிச்சம் முற்றிலும் போகும்வரை அங்கேயே மிதந்தோம். பிறகும் மூச்சுவிடும் ஓசை மட்டும் இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று இரவு ஊர் விளக்கே இல்லாத அந்த இடத்தில் துருவ ஒளியும் வந்தது.

மைத்துனர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உணர்ச்சியால் மசிய மாட்டார். ஆகவே கணக்காகவும் சொன்னேன். ஆறு இரவில் முழுதாகக் கிடைப்பது நான்கு நாள். ஒரு நாளைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் மூன்று. நாளுக்கு நான்கு மணி வெளிச்சம், ஆக 12 மணி. நான்கு லட்சத்தில், நார்வேயில் எங்கே தங்கினாலும் ஆகக்கூடிய ஓட்டல், சாப்பாட்டுச் செலவு என்று ஒரு லட்சத்தைக் கழித்தால் மிச்சம் மூன்று லட்சம். மணிக்கு 25 ஆயிரம். நாள் படகில் இரண்டு மணிக்கு 18 ஆயிரம், அதாவது மணிக்கு 9 ஆயிரம். ஷெர்வோயிலிருந்து போனாலும் கிட்டத்தட்ட அதே விலை, ஆனால் மூன்று நாளில் ஆறு மணி கிடைக்கும், ஒரு நாள் ரத்தானாலும் நான்கு மணி மிஞ்சும். “அப்படியானால் கப்பல் நஷ்டம்” என்றார். மணிக் கணக்கில் நஷ்டம்தான், மறுக்கவில்லை. மீன் மறுபடி இடம் மாறுகிற ஆண்டில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஊரில் அறை எடுத்தவர் ஊரோடு இருப்பார், கப்பல் மீனோடு போகும். ஆகவே கப்பலைத் தேர்ந்தெடுத்தால், எந்த எந்தக் கடல்வாய்களுக்குப் போவோம் என்று முன்கூட்டியே அச்சடித்துத் தருகிறவரைவிட, ‘டிரோம்சோவில் ஏறுங்கள், மற்றதை மீன் முடிவு செய்யும்’ என்று சொல்கிறவரை நம்புவேன்.

சில கப்பல்கள் ஓர்க்காக்களோடு தண்ணீரில் இறங்கவும் விட்டிருக்கின்றன, தண்ணீர் புகாத உலர் உடை மாட்டிக்கொண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நடுவே போய் நிற்பது எந்த ஊரிலும் நல்ல பழக்கம் அல்ல.

குளிரும் இருட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு கோடைக்கால வழிகள் உண்டு. நார்வேயிலேயே தெற்கே தள்ளி, ஆன்டயா தீவின் ஆன்டனெஸ். அங்கே கண்டத்திட்டு கரைக்கு மிக அருகிலேயே செங்குத்தாகச் சரிந்து ஆழ்கடல் பள்ளத்தாக்காகிறது. அந்த ஆழத்தில் கணவாய் வேட்டையாடும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன, எல்லாம் ஆண்கள். நம் செய்தித்தாள்களில் அடிக்கடி ‘அம்பர்கிரிஸ் பறிமுதல்’ என்று வருகிறதே, அதன் சொந்தக்காரர் இவர்தான். தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இவற்றின் சொடுக்கொலியைக் கேட்டே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அது ஃபியோர்டு அல்ல, திறந்த கடல், ஆட்டம் அதிகம். மற்றொன்று ஐஸ்லாந்தின் வடகரை. ஹூசவீக் ஊரிலிருந்தும், ஆகுரேரி நகரம் இருக்கும் அறுபது கிலோமீட்டர் நீளமான ஏயாஃபியோர்தரிலிருந்தும் மூன்று மணி நேரப் படகுகள் கிளம்புகின்றன. ஜூன், ஜூலையில் இரவே இல்லை, ஹம்ப்பேக்குகள் தாராளம், ஹூசவீக்கில் அதிர்ஷ்டம் இருந்தால் நீலத் திமிங்கலம். ஓர்க்காக்கள் வேட்டையாடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் இது சரிப்படாது. நீலத் திமிங்கலம் ஒன்றே ஆசை என்றால் இவ்வளவு தூரமே தேவையில்லை, இலங்கையின் மிரிசாவுக்குப் போய்வாருங்கள். விசாச் சிரமமும் குறைவு. நார்வே, ஐஸ்லாந்து இரண்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும், நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு நாட்டிலும் திமிங்கல வேட்டை சட்டபூர்வமாகவே இருந்துவந்திருக்கிறது. டிரோம்சோ உணவகங்களின் பட்டியலில் திமிங்கல இறைச்சியைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

மைத்துனருக்கு முழங்கால் வலி. அக்காவுக்குக் கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதைத் தாண்டினாலே பை வேண்டும். ஆகவே அவர்களுக்கு நான் சொன்னது: நவம்பர் நடுவில் டிரோம்சோவில் இரண்டு இரவு, ஷெர்வோயில் நான்கு இரவு, உள்ளறையுள்ள படகில் மூன்று முறை, வேகப் படகு வேண்டாம், கப்பல் வேண்டவே வேண்டாம். மகளுக்கு வயது இருபத்தேழு, கேமரா பைத்தியம், தனியாகவும் போகக்கூடியவள். அவளுக்குக் கப்பல்தான்.

போன வாரம் மறுபடி அழைத்தார். மகள் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டாளாம். “ஒரே கடலில் நாங்கள் படகிலும் அவள் கப்பலிலும் இருந்தால் கையசைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். முதல் இரண்டு நாள் முடியும் என்றேன். மூன்றாம் நாள் அவள் எங்கே இருப்பாள் என்று மாலுமித் தலைவருக்கே தெரியாது.